அடுத்த ஜிஆர்86 டர்போவுடன் வருகிறதாம்: காத்திருப்பதா, இப்போதே வாங்குவதா?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள். டொயோட்டா ஜிஆர்86 வாங்கப் பணம் சேர்த்துவிட்டீர்கள். அடுத்த மாடலில் டர்போ இன்ஜின், அதாவது புகையின் விசையால் சுழலும் விசிறி காற்றை அமுக்கித் தரும் இன்ஜின், வருகிறது என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. நண்பர்களில் ஒரு பாதி “பொறு, டர்போ வரட்டும்” என்கிறது. மறுபாதி “டர்போ போட்டால் அது 86-ஏ கிடையாது, இருப்பதை வாங்கு” என்கிறது. புதிதா, இரண்டாம் கையா என்ற குழப்பமும் இருக்கிறது. கடைசி வரியில், அடுத்த வருடம் வேலை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்கு மாறலாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். டர்பனிலேயே இருப்பதாக இருந்தால் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை, இன்றைய காரை வாங்குங்கள். மேலே, அதாவது ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உயரமான நிலத்துக்கு, போவது உறுதி என்றால் கணக்கு மாறுகிறது. நம் தென்னாப்பிரிக்காவில் இந்த டர்போ சண்டை இவ்வளவு சூடாக இருப்பதற்கும் அதுதான் அடிப்படை. கடற்கரைக்காரரும் ஜோகன்னஸ்பர்க்காரரும் ஒரே காரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவரவர் காலுக்கடியில் இருக்கும் கார் வேறு.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அது 82, 83தான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு வெளியே என்ன காற்று இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். காற்று மெலிந்தால் எரிக்கும் பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும். 100 மீட்டர் ஏறினால் ஒரு சதவீதம் போகும் என்று மெக்கானிக்குகள் போடும் மனக்கணக்கு இங்கே சரியாகவே வரும். ஜிஆர்86-இன் 2.4 லிட்டர் இன்ஜின் டர்பனில் 174 கிலோவாட் சக்தியும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். அதே காரை ஜோகன்னஸ்பர்க்கில் ஓட்டினால் 145 கிலோவாட், 207 நியூட்டன் மீட்டர் பக்கம் நிற்கும். இனி 2012-இல் வந்த முதல் தலைமுறை 86-ஐப் பாருங்கள்: 147 கிலோவாட், 205 நியூட்டன் மீட்டர். அதாவது மேலே ஓடும் புது ஜிஆர்86, கீழே டர்பனில் ஓடும் பழைய 86-க்குச் சமம். பழைய 86-ஐ மேலே கொண்டுபோனால் 122 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். முதல் தலைமுறைக்கு “சக்தி போதாது” என்ற பெயர் உள்நாட்டில் ஏன் அவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டது என்பது இதில் விளங்கும்.

ஒரு ஆறுதல் உண்டு. பழைய 2 லிட்டர் இன்ஜினில் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கும் 4,500 சுற்றுக்கும் இடையே முறுக்குவிசை குழி விழுந்ததுபோல் சரியும். முந்திச் செல்லக் காலை அழுத்துகிற அதே இடத்தில் கார் தயங்கும். 2.4 இன்ஜினில் உச்ச முறுக்குவிசையே 3,700 சுற்றில் வந்துவிடுவதால் அந்தக் குழி இல்லை. ஆகவே எண்கள் சமமாக இருந்தாலும், மேலே ஓடும் புது கார் பழையதைவிட ஓட்ட இலகுவாக இருக்கும்.

இனி வதந்திக்கு வருவோம். கேள்விப்படுவதை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. டொயோட்டாவே வெளியே காட்டியது எது, அதிலிருந்து மற்றவர்கள் ஊகித்தது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

காட்டியதில் முதலாவது, 2022-இல் ஜப்பானின் சூப்பர் டைக்யூ பந்தயத் தொடரில் ஓடிய ஜிஆர்86. கார்பன் சமநிலை எரிபொருளைச் சோதிக்க இறக்கிய அந்தக் காரில் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் சுபாருவின் பாக்ஸர் இன்ஜினை எடுத்துவிட்டு, டொயோட்டாவின் சிறிய வேகக் காரான ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினை 1.4 லிட்டராகக் குறைத்துப் பொருத்தியிருந்தார்கள். ஏன் 1.4? அந்தத் தொடரில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் வகுப்பைத் தீர்மானிப்பார்கள். 1.4-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.38 வரும், அதாவது 2.4 லிட்டர் காருக்குச் சமம். “அடுத்த 86-இல் 1.4 டர்போ” என்று அப்போது பலர் எழுதியது இந்தப் பந்தய விதியைக் கவனிக்காததால் வந்த வினை. அந்தக் கார் நிரூபித்தது ஒன்றை மட்டும்: மூன்று சிலிண்டர் இன்ஜினை இந்த உடலுக்குள் நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்ட முடியும்.

இரண்டாவது, 2024 மே 28 அன்று டொயோட்டா, சுபாரு, மாஸ்டா மூவரும் சேர்ந்து நடத்திய இன்ஜின் விளக்கக் கூட்டம். டொயோட்டா புதிய 1.5, 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின்களைக் காட்டியது. சுபாரு பாக்ஸரை விடமாட்டேன் என்றது, மாஸ்டா ரோட்டரியை விடமாட்டேன் என்றது. 86-ஐப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான செய்தி இதுவரை வந்ததில்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் இன்றைய ஜிஆர்86-உம் சுபாரு பிஆர்இசட்-உம் ஒரே ஆலையில், சுபாருவின் குன்மா ஆலையில் உருவாகின்றன; இன்ஜினும் சுபாருவுடையது. ஒருவர் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் நேர்வரிசை இன்ஜின் என்றும் மற்றவர் பாக்ஸர் என்றும் நின்றால், ஒரே உடலைப் பங்கிட்டுக்கொள்வது கடினமாகிவிடும்.

மூன்றாவது, 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் வைத்த ஜிஆர் யாரிஸ் எம் கான்செப்ட். அந்தப் புதிய 2 லிட்டர் டர்போவை, ஜி20இ என்ற பெயரில், இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார்கள். அங்கிருந்துதான் டொயோட்டாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களான எம்ஆர்2 திரும்பி வருகிறது, செலிக்கா வருகிறது, அடுத்த 86-க்கும் இதே இன்ஜின்தான் என்ற கிளைக்கதைகள் முளைத்தன. செலிக்காவைச் செய்கிறோம் என்று டொயோட்டாவின் உயர் அதிகாரிகளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த 86-க்கு எந்த இன்ஜின் என்பதை அந்த அளவுக்குத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. 400 குதிரைத்திறன் என்று சுற்றும் எண், ஜி20இ எட்டக்கூடியது என்ற பேச்சிலிருந்து வந்தது. விலை குறைந்த பின்சக்கர ஓட்டக் காரில் அதை அப்படியே வைத்துத் தருவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

இவ்வளவு மாற்றம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாதான் பதில். அங்கே ஜிஆர்86 இரண்டே வருடம்தான் விற்பனையில் இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாதுகாப்பு விதிகள் வேக உதவி, தட உதவி போன்ற கருவிகளைக் கட்டாயமாக்கின. இந்தக் கார் அதற்கென்று வடிவமைக்கப்படவில்லை, மாற்றினால் கூரை உயரம் வரை கைவைக்க வேண்டும் என்பதால் விலக்கிக்கொண்டார்கள். 2026 நவம்பர் 29 முதல் புதிய மாடல்களுக்கு யூரோ 7 மாசு விதியும் வருகிறது. ஐரோப்பாவில் மறுபடி விற்க வேண்டுமானால் புது உடலும் புது இன்ஜினும் தேவை. நம் நாட்டுச் சட்டம் இன்னும் யூரோ 2 நிலையில்தான் நிற்கிறது என்பதால் இங்கே அந்த நெருக்கடி இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவுக்காக மட்டும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை யாரும் வடிவமைக்கப் போவதில்லை.

பாக்ஸர் போய் நேர்வரிசை இன்ஜின் வந்தால் என்ன இழப்பு? பாக்ஸரில் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பதால் இன்ஜின் தாழ்வாக உட்காரும், அதனால் காரின் எடைமையமும் தாழும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சாயாமல் உடனே திரும்புகிறதே, அதில் பெரும் பங்கு இதற்குத்தான். நேர்வரிசை இன்ஜின் உயரமானது, போனட்டைத் தூக்க வேண்டிவரும். அதே சமயம் மூன்று சிலிண்டர் இன்ஜினின் நீளம் குறைவாக இருப்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம், முன்பாரம் குறையும். ஆகவே கார் கெட்டுவிடும் என்று இப்போதே ஒப்பாரி வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. நான் அதிகம் யோசிப்பது கியர்பாக்ஸைப் பற்றி. இன்றைய காரில் இருப்பது ஐசினின் ஆறு கியர் பெட்டி. டர்போ பொருத்தி முறுக்குவிசையைக் கூட்டியவர்கள் மூன்றாம், நான்காம் கியர்களின் பற்களை இழந்திருக்கிறார்கள். ஜிஆர் யாரிஸ் இன்ஜின் இப்போது ஜப்பானில் 400 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்த விசையைத் தாங்க வேறு கியர்பாக்ஸ், வேறு கிளட்ச், தடித்த டிஃபரன்ஷியல் வேண்டும். ஒவ்வொன்றும் எடையையும் விலையையும் கூட்டும். 1,300 கிலோவை ஒட்டிய எடை, கைக்கு எட்டும் விலை, இரண்டும்தான் 86-இன் உயிர். வதந்தியில் வரும் டர்போவைவிட, அதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஹைபிரிட் பேட்டரிதான் எனக்குக் கவலை.

டர்போ வேண்டாம் என்பவர்களின் மனதையும் புரிந்துகொள்ள வேண்டும், குறிப்பாக நம் ஊரில். 86 என்ற எண் வந்தது 1983-இன் ஏஇ86 கொரோலாவிலிருந்து. அதன் 4ஏ-ஜிஇ என்ற 1.6 லிட்டர் இரட்டைக் கேம் இன்ஜின்தான் பிறகு இங்கே கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ-யில் வந்தது. அதன் 20 வால்வு வடிவம் கொரோலா ஆர்எக்ஸ்ஐ, ஆர்எஸ்ஐ-களில் வந்தது. டொயோட்டாவின் ப்ராஸ்பெக்டன் ஆலை இசிபிங்கோவுக்கும் மெர்பேங்குக்கும் பக்கத்தில்தான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஒரு தலைமுறையே அந்த இன்ஜினைக் கையால் பிரித்துப் பூட்டி, 7,000 சுற்றுக்கு மேல் அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தது. காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் கொடுக்கும், தாமதம் கிடையாது. அந்தத் துல்லியம் பிடித்துப்போனவருக்கு டர்போவின் அரைநொடித் தயக்கம்கூட உறுத்தும். இது வெறும் பழம்பற்று என்று ஒதுக்கக் கூடியதில்லை. வளைவின் நடுவே பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது ஆக்சிலரேட்டரால் காரைப் பிடித்து நிறுத்த, அளந்து கொடுக்கும் இன்ஜின் நிஜமாகவே உதவுகிறது.

மேலே இருப்பவரின் வாதமும் அதே அளவு நியாயமானது. டர்போ, வெளிக்காற்று மெலிந்திருந்தாலும் சற்று வேகமாகச் சுழன்று தேவையான அழுத்தத்தை எட்டிவிடும். அதன் சுழல் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் கொஞ்சம் இழப்பு இருக்கும், ஆனால் 17 சதவீதமெல்லாம் இல்லை. என்3 நெடுஞ்சாலையில் டர்பனிலிருந்து வான் ரீனன் கணவாய் ஏறும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே சமமாக வந்த இரண்டு கார்களில் டர்போ கார் ஹாரிஸ்மித் நெருங்கும்போது முன்னே போயிருக்கும்.

“இன்றைய காரை வாங்கி நானே டர்போவோ சூப்பர்சார்ஜரோ போட்டுக்கொள்கிறேன்” என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்த இன்ஜினின் அமுக்க விகிதம் 12.5:1. டர்போவுக்கென்று செய்த இன்ஜின்களைவிட இது மிக அதிகம். 95 ஆக்டேன் பெட்ரோலில் 0.4 பார், அதாவது 40 கிலோபாஸ்கல், அழுத்தத்துக்கு மேல் போவது ஆபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி உயரத்தைச் சேருங்கள். டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் அளக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் 0.4 பார் என்றால் இன்ஜினுக்குள் மொத்த அழுத்தம் 83-உம் 40-உம் சேர்ந்து 123 கிலோபாஸ்கல். அதே காரை விடுமுறைக்கு டர்பனுக்கு ஓட்டி வந்தால் 101-உம் 40-உம் சேர்ந்து 141. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் அது காற்றை ஒரே விகிதத்தில் அமுக்குகிறது: மேலே 116 என்றால் கீழே 141. மேலே மட்டும் டியூன் செய்த கார் கீழே வந்ததும் அறியாத காற்றளவைச் சந்திக்கிறது. பற்றவைப்பு நேரம் பொருந்தாமல், பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் தொடங்குகிறது, சிறிது நேரத்தில் பிஸ்டன் வளையங்களுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு உடைகிறது. டியூனர் ஜோகன்னஸ்பர்க்காரர் என்றால், கடல்மட்டத்துக்கான எரிபொருள், பற்றவைப்பு அட்டவணைகளும் சரிபார்க்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். உத்தரவாதம் போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று, காரின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் தாள். மேலே உள்ள டைனோக்கள் அளந்த எண்ணைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டும், அதாவது உயர இழப்பை ஈடுசெய்ய ஒரு பெருக்கல் எண்ணைச் சேர்க்கும். டர்போ இல்லாத காருக்கு அது நியாயம். டர்போ கார் அந்த இழப்பைத் தானே ஈடுசெய்துவிட்டதால், அதன் மேல் மறுபடி பெருக்கினால் எண் ஊதிப்போகும். “ஜிஆர் யாரிஸ் இவ்வளவு காட்டியது, 86 இவ்வளவுதான்” என்று ஒப்பிடும் தாள்களில் திருத்தக் காரணி என்ன என்று முதலில் பாருங்கள்.

காத்திருந்தால் எவ்வளவு காலம்? இன்றைய கார் உலகுக்குக் காட்டப்பட்டது 2021 ஏப்ரலில். ஜப்பானில் விற்பனை அதே வருடம் அக்டோபரில், நமக்கு 2022-இல். அடுத்ததும் அப்படியே நடந்தால், ஜப்பானில் திரை விலகிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் நீங்கள் பொறுக்க வேண்டும். திரை விலகும் தேதியே முடிவாகவில்லை; 2025-இல் வந்துவிடும் என்று அடித்துச் சொன்ன பேச்சுகள் பொய்யாகிவிட்டன. இங்கே இன்னொரு தடையும் இருக்கிறது: பெட்ரோல். கந்தகத்தை 10 பிபிஎம்-க்குக் குறைக்கும் எரிபொருள் தரம் நமக்கு 2027 ஜூலை 1-இல்தான் கட்டாயமாகிறது. புதிய ஐரோப்பிய டர்போ கார்களில் வரும் துகள் வடிகட்டியும் வினையூக்கியும் சுத்தமான பெட்ரோலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அதனால் நமக்கு வரும் வடிவத்தில் அமைப்பும் சக்தி எண்ணும் மாறலாம். முதல் ஜிஆர் யாரிஸ் ஜப்பானில் 200 கிலோவாட், 370 நியூட்டன் மீட்டர். இங்கே வந்தது 198, 360. சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் ஜப்பானிய எண்ணை வைத்து இங்கே பந்தயம் கட்டாதீர்கள்.

விலையை யென்னும் ராண்டும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜப்பானிலிருந்து வரும் காருக்கு 25 சதவீதம் இறக்குமதி வரி, அதன் மேல் காரின் மதிப்புக்கேற்ப ஏறி 30 சதவீதம் வரை போகும் ஆட் வலோரம் வரி, கடைசியில் 15 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. ஆட் வலோரம் ஏணிபோல் ஏறுவதால், காரின் அடக்கவிலை கொஞ்சம் கூடினாலும் ஷோரூம் விலை அதைவிட அதிகமாகக் கூடும். டர்போ 86 இன்றைய 86-இன் விலைக்கே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“ஜப்பானில் வந்ததும் அங்கே இரண்டாம் கையாக வாங்கி இறக்கிவிடலாம்” என்றும் சிலர் கேட்கிறார்கள். டர்பன் துறைமுகத்தில் ஜப்பானியப் பழைய கார்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்து வரும் ஆசை அது. அவை ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளுக்குப் போகும் வழியில் இங்கே நிற்பவை. சாதாரணக் குடிமகன் பழைய காரை இறக்கி இங்கே பதிவு செய்ய இறக்குமதி அனுமதி வழங்கும் அரசு அமைப்பான ஐடாக் அனுமதி தராது; வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புபவர் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வழியிலேயே கைமாறிய காரை வாங்கினால் போலீஸ் பறிமுதல் செய்துகொண்டு போகும், பணம் திரும்பாது.

இப்போதே வாங்குவது என்று முடிவானால் எதைப் பார்க்க வேண்டும்?

ஜிஆர்86-இல் உலகம் முழுக்கப் பேசப்படும் குறை எண்ணெய் சம்பந்தப்பட்டது. இரண்டு தனித்தனி விஷயங்களை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, இன்ஜினின் முன்மூடியை ஒட்டிய சீலன்ட் பசை உள்ளே பிதுங்கித் துணுக்குகளாக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையில் படிவது. மற்றொன்று, பந்தயத் தடத்தில் நீண்ட வலது வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் அழுத்தம் விழுவது. தெருவில் மட்டும் ஓட்டுபவருக்கு இரண்டாவது வராது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து கியாலாமி தடத்துக்கோ, போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸி தடத்துக்கோ போகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தடத்துக்குப் போவதானால் முதலில் எண்ணெய் அழுத்தமானியும் வெப்பமானியும் போடுங்கள். 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொது அளவுகோல். 6,000 சுற்றில் 60 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 பாருக்குக் கீழே முள் அடிக்கடி விழுந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எண்ணெய் வெப்பம் 120 பாகையைத் தாண்டிக்கொண்டே போனால் ஆயில் கூலர் தேவை, டர்பன் கோடையில் அது சீக்கிரமே தாண்டும். வடிகட்டியோடு சேர்த்து இந்த இன்ஜின் 5 லிட்டர் கொள்ளும், தெருவுக்கு 0டபிள்யூ-20. தடத்துக்கு 5டபிள்யூ-30 போட்டு, அளவுகோலின் மேல் கோட்டில் வைத்திருப்பவர்கள் அதிகம். அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுபவர்களும் உண்டு. கீழ்க்கோட்டில் வைத்துக்கொண்டு தடத்தில் இறங்குவதுதான் இன்ஜினைக் கொல்லும்.

சீலன்ட் துணுக்கைப் பார்க்க, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் கீழ்ச் சம்பைக் கழற்ற வேண்டும். அதுவும் பசையால் ஒட்டப்பட்டது, மெல்லிய தகட்டால் சுற்றிலும் அறுத்துத்தான் எடுக்க முடியும். திருப்புளியை வைத்து நெம்பினால் அலுமினியப் பரப்பில் கீறல் விழுந்து பிறகு நிரந்தரமாகக் கசியும். வலையில் ஒன்றிரண்டு துணுக்குகள் இருந்தால் பதறாதீர்கள், அவற்றைப் பிடிக்கத்தான் வலை இருக்கிறது. வலையின் பெரும்பகுதி மூடியிருந்தால்தான் ஆபத்து. திரும்ப ஒட்டும்போது இரு பரப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. பசையைத் தடிப்பாகப் பிழிந்தால் அதுவே அடுத்த துணுக்காகும். மெல்லிய சீரான கோடாக இட்டு, பூட்டிய பின் ஒரு இரவு விட்டு எண்ணெய் ஊற்றுங்கள். கார் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் இதை வெளியே செய்யாதீர்கள், டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பணம் குறைவு என்று முதல் தலைமுறை 86-ஐப் பார்ப்பவர்களுக்கு: 2018 நவம்பரில், 2012, 2013-இல் உருவான கார்களின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற உலகளாவிய ரீகால் வந்தது. சேஸி எண்ணைக் கொடுத்து டொயோட்டா டீலரிடம் கேட்டால் இந்தக் காருக்குப் பொருந்துமா, செய்தாயிற்றா என்று சொல்லிவிடுவார்கள். செய்யாத காரும் ஆபத்து, அரைகுறையாகச் செய்த காரும் ஆபத்து. இன்ஜினை இறக்கி முன்மூடியைப் பிரிக்க வேண்டிய வேலை அது. அமெரிக்காவில் பசையை அளவுக்கு மீறிப் போட்டதால் வேலை முடிந்த சில நாளிலேயே இன்ஜின் போன கார்கள் உண்டு. வேலை முடிந்து பல ஆயிரம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடிய காராகப் பாருங்கள். சில்வண்டு போலக் கீச்சிடுவது உயரழுத்த எரிபொருள் பம்ப், அதற்குப் பயப்பட வேண்டாம். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது என்றால் ரிலீஸ் பேரிங், அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூன்றாம் கியர் உரசிக்கொண்டு விழுந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

டர்பன் கார் என்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உம்லங்காவிலும் ப்ளஃபிலும் வெளியே நின்ற கார்களில் உப்புக்காற்று புகைக்குழாய் இணைப்புகளையும் பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் தின்றிருக்கும். ஜோகன்னஸ்பர்க் கார் என்றால் அடி சுத்தமாக இருக்கும், ஆனால் ஆலங்கட்டி மழை கூரையில் விட்ட குழிகளை மாலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். மிட்ராண்ட் உறுதியாகும் வரை பணத்தை வைத்திருங்கள். உறுதியானதும், டர்பன் டீலரிடம் ஓட்டிப் பார்த்த நினைவை வைத்து முடிவெடுக்காமல், மேலே உள்ள டீலரிடம் ஒரு ஜிஆர்86-ஐக் கேட்டு ஓட்டுங்கள். நெடுஞ்சாலை நுழைவுச் சரிவில், ஒரு நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டாம் கியரில் 3,000 சுற்றிலிருந்து 7,000 வரை இழுத்துப் பாருங்கள். வேகம் 100-ஐ ஒட்டியே நிற்கும், சட்டத்துக்குள்தான். அந்த இழுப்பு உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் வாங்கிவிடுங்கள். அடுத்த மாடல் வந்தாலும் இந்த மாதிரி ஒரு காரை மறுபடி செய்ய மாட்டார்கள், விலையும் அதனால் தாக்குப்பிடிக்கும். போதவில்லை என்றால் வதந்திக்குக் காத்திருக்காமல், அதே மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் உள்ள ஜிஆர் யாரிஸையோ ஜிஆர் கொரோலாவையோ அதே நாளில் ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கர ஓட்டம் என்பதால் குணம் வேறு, ஆனால் மேலே அந்த இன்ஜின் எப்படி இழுக்கும் என்பது தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் காப்பீட்டுக் கம்பெனியிடம் புது முகவரியைக் கொடுத்து விலை கேளுங்கள். இந்த ரகக் காருக்குப் பெரும்பாலும் டிராக்கர் கேட்பார்கள். தட நாளில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பணம் தராது என்பதையும் பாலிசிப் பத்திரத்திலேயே பார்த்துவிடுங்கள்.